ஒன்பது பத்து

அந்தக் காலத்தில் எங்களிடம் இரண்டு நேரம் இருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று அரசாங்கம் தொண்ணூற்றாறில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஐந்து மாதத்தில், அது சரிவரவில்லை என்று அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. உள்ளே இருந்த ஊர்களைப் பிடித்து வைத்திருந்த இயக்கம் இரண்டுக்கும் அசையவில்லை. அதனால் மூதூர் டவுனில் எட்டரை என்றால், கட்டைபறிச்சானைத் தாண்டி உள்ளே போனால் எட்டு. சனங்கள் புது நேரம், பழைய நேரம் என்று பேர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கணக்குப் பார்த்தார்கள். மின்சாரக் கம்பியையே காணாத ஊர்களுக்கு இந்தச் சீர் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற காலமும் அது இல்லை.

நான் அப்போது மூதூரில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலுக்கு அந்தப் பக்கம், திருகோணமலையில். கிழமை நாட்களில் ஸைனுலாப்தீன் நானாவின் வளவில் ஓர் அறை எடுத்துத் தங்கி, நானே சமைத்துச் சாப்பிட்டேன். எனக்கு விறகு கொண்டுவந்து தந்தவர் இராசையா அண்ணை. அவருக்கு உள்ளே இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. அது சோற்றுக்கு மட்டும். மற்றச் செலவுக்கு விறகு. ஆறு மைல் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். வழியில் சென்றி என்ற காவலரணில் ஆமிக்காரர் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு விறகாகக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். திரும்பக் கட்டுவது இவர் வேலை. மாரியில் நனைந்த கயிறு இறுகாது. இரண்டு முறை கட்டிய விறகை ஒரு முறை விற்றுவிட்டு, வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்.

“மாஸ்ரர், இவள் பூரணி இந்த முறை ஓ.எல். சோதனை எடுக்கிறாள்,” என்று ஒரு நாள் சொன்னார். “கணக்கு மட்டும் பாஸ் பண்ணினாளெண்டா திருகோணமலையில ஏ.எல். படிக்க ஹொஸ்டலில விட்டிடுவன்.”

“டொக்டராக்கப் போறீங்களோ?”

“நீங்க பகிடி விடுறீங்க. அவள் என்னவா வந்தாலும் எனக்குக் காரியமில்லை. உள்ளுக்கு இருக்கக் கூடாது. போன கிழமை பக்கத்து வளவில வந்து இயக்கத்துக்குப் பிள்ளை கேட்டிட்டுப் போயிருக்கினம். எங்கட வீட்டில இருக்கிறது இவள் ஒருத்திதான்.”

பிறகு கொஞ்ச நேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “மற்றத் தேப்பன்மார் பிள்ளை கண்ணுக்கு முன்னால இருக்கவேணும் எண்டு நினைப்பினம். எனக்கு அவள் கண்ணில படாத இடத்தில இருந்தாத்தான் நித்திரை வரும்.”

படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளே இருந்து வெளியேற இயக்கத்தார் அனுமதி கொடுத்தார்கள். அதற்கு ரிசல்ட் காட்ட வேண்டும். கணக்கு இல்லாத ரிசல்ட்டை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடமும் ஏ.எல். வகுப்பில் சேர்க்காது. கணக்கு என்ற அந்த ஒரு பாடத்தில்தான் பூரணியின் தலைவிதி இருந்தது.

தொண்ணூற்றேழு டிசம்பரில் சோதனை. மூதூர் மண்டபத்துக்கு மேற்பார்வையாளராகத் திருகோணமலையிலிருந்து பாலசிங்கம் சேர் வந்தார். அவருக்கு உதவியாளன் நான். அவர் கணக்கு வாத்தியார், அடுத்த வருடம் பென்சன். இருபத்திரண்டு வருடமாகச் சோதனைக் கடமை செய்கிறவர். அதைத்தான் தன் வாழ்க்கையின் பெரிய உத்தியோகமாக நினைத்திருந்தார். எத்தனையோ பேர் கூப்பிட்டும் ஒரு வீட்டிலும் தங்கவில்லை. எந்த வீட்டில் சோதனை எடுக்கிற பிள்ளை இருக்கிறதோ என்று பயம். விஞ்ஞானகூடத்தில் இரண்டு வாங்குப் பலகையைச் சேர்த்துப் போட்டு, நுளம்புக்கடியோடு படுத்தார். எனக்கு அவரைப் பார்த்தால் மரியாதையும் வரும், எரிச்சலும் வரும்.

திங்கட்கிழமை கணக்கு. விடியற்காலையிலிருந்து மழை. எட்டரைக்கு வினாத்தாள் கொடுத்தோம். முப்பத்தைந்து மேசையில் ஒன்று வெறுமையாக இருந்தது. அது யாருடைய மேசை என்று எனக்குத் தெரியும். ஒன்பது மணிக்குப் பிறகு வருகிறவர்களை எடுக்கக் கூடாது என்பது விதி. ஒன்பதும் தாண்டியது.

பூரணி வாசலில் வந்து நின்றபோது முழங்கால் வரைக்கும் சேறு. அனுமதி அட்டையைச் சொப்பிங் பாக்கில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

“ஏன் பிள்ளை பிந்தினது?” என்று பாலசிங்கம் சேர் கேட்டார்.

“பிந்தேல்ல சேர். ஆறரைக்கே வெளிக்கிட்டனான். சென்றியில கொஞ்சம்...”

அப்போதுதான் அவள் கரும்பலகைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது பத்து.

“சேர், அரை மணித்தியாலம் தாண்டிட்டு. எடுக்க ஏலாது. திருப்பி அனுப்புங்கோ.”

இதைச் சொன்னவன் நான். அவளுடைய தகப்பன் வெட்டிய விறகில்தான் அன்று காலையில் தண்ணி சுடவைத்துக் குடித்திருந்தேன். ஆனாலும் சொன்னேன். மூன்று பிள்ளைக்காரன், வேலைக்குப் பயம். விதியைப் பிடித்துக்கொண்டால் நாளைக்கு ஒருவரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது என்ற புத்திதான் முதலில் வந்தது.

பாலசிங்கம் சேர் என்னை வாசலுக்கு வெளியே கூட்டிப்போனார். “இந்த அரை மணித்தியாலம் எதுக்கு வைச்சது தம்பி?”

“கேள்வி வெளியில போன பிறகு ஆரும் வந்து எழுதாமல் இருக்க.”

“இண்டைக்கு ஆராவது மண்டபத்தை விட்டு வெளியில போனவையோ?”

“இல்லை சேர்.”

“அப்ப இந்தப் பிள்ளைக்குக் கேள்வி தெரிய வழியில்லை. திருப்பி அனுப்பினா விதி பிழைக்கும், பிள்ளை பிழைக்காது.” உள்ளே திரும்பினார். “போய் இரு பிள்ளை. மற்றவையோட சேர்ந்துதான் முடிக்கவேணும். மேலதிக நேரம் தர ஏலாது.”

அவள் ஓடிப்போய் இருந்தாள். பாவாடையிலிருந்து தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. அதோடு விட்டிருந்தால் எல்லாம் நல்லாக முடிந்திருக்கும். ஆனால் அவர் மேசைக்கு வந்து பதிவுப் புத்தகத்தைத் திறந்தார்.

“சேர், எட்டு ஐம்பத்தைஞ்சு எண்டு போடுங்கோ,” என்றேன் மெதுவாக.

“பார்த்தது ஒன்பது பத்து.”

“ஆர் சேர் கேக்கப் போகினம்? உள்ள விட்டாச்சு. பிறகேன் அதை எழுதி...”

“எழுதாட்டி நான் செய்தது களவு, தம்பி. எழுதினா அது நான் எடுத்த முடிவு. பிழையெண்டா என்னைக் கேக்கட்டும்.”

தன்னுடைய உருண்டையான எழுத்தில் அரைப் பக்கம் எழுதினார். பரீட்சார்த்தி ஒன்பது பத்துக்கு வந்தார், அதுவரை எவரும் மண்டபத்தை விட்டு நீங்கவில்லை, எனது பொறுப்பில் அனுமதித்தேன். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். மனச்சாட்சியும் ஒழுங்கும் அந்த மனுசனுக்குள் ஒன்றாகக் குடியிருந்தன. எங்களில் பெரும்பாலானவர்களிடம் ஒன்று இருந்தால் மற்றது இருக்காது. என்னிடம் அன்று இரண்டுமே இருக்கவில்லை. அவர் கணக்கில் விட்டது ஒன்றுதான். கேட்பவர்கள் அவரைக் கேட்பார்கள் என்று நினைத்தார். பிள்ளையைக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

ஏன் பிந்தியது என்பதை அடுத்த விறகோடு வந்தபோது இராசையா அண்ணை சொன்னார். வெள்ளி வரைக்கும் பூரணி மூதூரில் பெரியம்மா வீட்டில் நின்று சோதனைக்குப் போனவள். சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்தாள். ஞாயிறு பின்னேரம் தகப்பன் வீட்டு மணிக்கூட்டைப் புது நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, “மணிக்கூட்டில ஆறரைக்கு வெளிக்கிடவேணும்,” என்று மகளிடம் சொன்னார். மனைவியிடம் திருப்பின கதையைச் சொல்லவில்லை. விடிய முன்னம் வரம்பு உடைப்பெடுத்துவிட்டதென்று ஆள் வந்து கூப்பிட, மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டார். மனைவி கோணேஸ்வரி அடுப்பு மூட்ட நெருப்பு வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே மணிக்கூட்டில் ஐந்து. திரும்பி வந்தால் தன் வீட்டில் ஐந்தரை தாண்டியிருந்தது. மணிக்கூடு பிழைத்து ஓடுகிறது, பிள்ளை சோதனை நாளில் வீணாக அந்தரப்படப் போகிறாள் என்று சாவியைத் திருகி, அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்துவிட்டாள். நல்லதுக்குத்தான் செய்தாள். இந்த உலகத்தில் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு மட்டும் வரக்கூடிய பிழை அது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. மற்ற ஏழு பாடத்திலும் பாஸ். கணக்குக்கு நேரே, நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது.

முறையீட்டுக் கடிதம் எழுதிக்கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். சென்றியில் பேரைப் பதிந்துவிட்டு, வெயிலில் சைக்கிள் உருட்டிக்கொண்டு போனேன். சிறுபோக நெல் வயலில் பச்சையாக நின்றது. மண் வீடு, கிடுகுக் கூரை. கோணேஸ்வரி புழுங்கலரிசிச் சோறும் இறால் போட்ட முருங்கையிலைச் சுண்டலும் ஆக்கியிருந்தாள். ரிசல்ட் வந்த நாளிலிருந்து புருசன் அவளோடு கதைப்பதில்லை என்பது இருந்து ஐந்து நிமிசத்திலேயே விளங்கியது.

“மாஸ்ரர், அவவிட்டச் சொல்லுங்கோ, சோத்தைப் போடச் சொல்லி,” என்றார் இராசையா அண்ணை, மனைவி இரண்டு முழத் தூரத்தில் நிற்க.

“போட்டு வைச்சு எவ்வளவு நேரமெண்டு அவரிட்டச் சொல்லுங்கோ,” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, “என்ர கையாலதானே மாஸ்ரர் திருப்பினனான். இந்தக் கை முறிஞ்சிருந்தா என்ர பிள்ளை தப்பியிருக்கும். இயக்கத்தில இருந்து இரண்டு தரம் வந்திட்டுப் போட்டினம். பிள்ளை படிக்கப் போகுது எண்டு சொல்லிவைச்சிருக்கிறம். ரிசல்ட்டைக் காட்டச் சொல்லுகினம். எத்தினை நாளைக்கு மாஸ்ரர் தபால் வரேல்ல எண்டு சொல்லுறது?”

“அவவில என்ன பிழை,” என்றார் இராசையா அண்ணை திடீரென்று. மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாம் அந்தப் பெரிய மனுசன் செய்த வேலை. உள்ள விடுற மாதிரி விட்டுட்டு, எழுதி அறுத்துப் போட்டான்.”

“அவர் இல்லாட்டி நான் பேப்பரையே கண்டிருக்க மாட்டன் அப்பா,” என்றாள் பூரணி.

“நீ பேசாமல் இரு.”

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். வாசலில் நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. தகப்பனுக்கு அவள் அதைச் சொல்லவில்லை.

கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மண்டபத்துக்கு வந்த நேரம் என்ற இடம் வந்ததும் பேனையை நிறுத்தினாள்.

“ஒன்பது பத்து எண்டு போடட்டோ, சேர்?”

“தெரியாதெண்டு போடு. உன்னட்ட மணிக்கூடு இல்லைத்தானே.”

“மண்டபத்தில இருந்தது. பார்த்தனான்.”

“பிள்ளை, தெரியாதெண்டு போடு.”

எழுதினாள்.

ஜூனில் கொழும்பிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். திருகோணமலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் என்னையும் பாலசிங்கம் சேரையும் ஒன்றாக இருத்திக் கேட்டார். தமிழர்தான், நல்ல மனுசன், மாவட்டம் மாவட்டமாக இப்படிக் கேட்டுக் களைத்துப்போனவர். மின்விசிறி வேலை செய்யவில்லை. கோப்பை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

“பாருங்கோ, எனக்கும் அந்தப் பிள்ளையைக் கெடுக்க விருப்பமில்லை. ஆனா ஒன்பது பத்து எண்டு எழுத்தில இருக்கேக்க நான் ஒண்டும் செய்ய ஏலாது. எழுதினதில தவறு நடந்திருந்தா, அது வேற கதை. மாஸ்ரர், கடிகாரம் பிழையா ஓடியிருக்குமோ?”

“சரியாத்தான் ஓடினது,” என்றார் பாலசிங்கம் சேர். “காலையில நான்தான் றேடியோவோட ஒத்துப் பார்த்தனான். நான் அனுமதிச்சது பிழையெண்டா என்னைத் தண்டியுங்கோ. பேப்பரைத் திருத்தின பிறகு பிள்ளையின்ர புள்ளியை மறிக்கிறது நியாயமில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கோ.”

“நியாயத்தைப் போட என்ர படிவத்தில இடமில்லை, மாஸ்ரர்.” அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீங்கள் என்ன சொல்லுறீங்க?”

அந்த இடத்தில் நான் என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயமும் இருக்கவில்லை. “என்ர கைக்கடிகாரத்தில எட்டு ஐம்பத்தைஞ்சு,” என்றேன். “சேர் கரும்பலகைக் கடிகாரத்தைத் தூரத்தில இருந்து பார்த்தவர். அவருக்குக் கண் இப்ப கொஞ்சம் மங்கல். மழை இருட்டு வேற. எழுதினதை வாசிச்சுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டிட்டன். அது என்ர பிழை.”

பாலசிங்கம் சேர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏதோ ஞாபகப்படுத்திக்கொள்வதுபோலப் பார்த்தார்.

“நீங்கள் மறுக்கிறீங்களோ?” என்று அதிகாரி கேட்டார்.

“நான் பார்த்ததை எழுதினனான்,” என்றார் அவர். “அவர் சொல்லுறதையும் எழுதுங்கோ.”

வெளியே விறாந்தையில் வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது, தலையைக் குனிந்தபடியே கேட்டார்: “என்ர கண் அவ்வளவு மோசமோ, தம்பி?”

இல்லை சேர், பொய் சொன்னனான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் திரும்ப உள்ளே போய்விடுவார் என்று பயந்தேன். “வயசுக்கு வாறதுதானே சேர்,” என்றேன்.

ஓகஸ்டில் பூரணியின் கணக்கு வந்தது. கிரடிட். இராசையா அண்ணை இரண்டு போத்தல் காட்டுத்தேனும் சைக்கிள் நிறைய விறகும் கொண்டுவந்து இறக்கினார். “நீங்கதான் மாஸ்ரர் என்ர பிள்ளையைக் காப்பாற்றினது,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொன்னவன் நான்தான் அண்ணை என்று வாய்வரை வந்தது. தேனை வாங்கி உள்ளே வைத்தேன்.

செப்டெம்பரில் அவளைத் திருகோணமலை ஹொஸ்டலில் விடுவதற்கு நான்தான் கூட்டிப்போனேன். தகப்பனுக்குத் துறைமுகப் பக்கம் வர பாஸ் கிடைக்கவில்லை. லோஞ்ச் படகில் ஏறமுன் நேவிக்காரர் பெட்டியைக் கிளறி, அவள் மடித்து வைத்த உடுப்பையெல்லாம் கலைத்துப்போட்டார்கள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்ப மடித்து வைத்தாள். கொட்டியாரக் குடாவில் அன்று அலை அதிகம். நடுக்கடலில் அவள் கேட்டாள்.

“பாலசிங்கம் சேர் வீடு டவுனுக்குள்ளயோ?”

“ஓம். எதுக்கு?”

“போய்ச் சொல்லிட்டுப் போகவேணும்.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி புஸ்பராணி அக்கா. என்னைக் கண்டு முகம் மாறவில்லை, அவவுக்கு ஒன்றும் தெரியாது. “வாங்கோ மாஸ்ரர். இவர் இப்ப வெளியில போறது குறைவு. சோதனை வேலையிலயும் இனிக் கூப்பிட மாட்டினமாம், கண் பார்வை காணாதெண்டு. கண் டொக்டரிட்டயும் போனவர். பெரிசா ஒண்டுமில்லை எண்டுதான் டொக்டர் சொன்னவர். இவர் நம்புறாரில்லை. பென்சன் கடிதம் வந்தாலும் என்னைத்தான் வாசிக்கச் சொல்லுறார். தான் வாசிச்சதை என்னைக் கொண்டு இன்னொருக்கா வாசிப்பிக்கிறார்.”

அவர் முன்னறையில் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். என்னை இருக்கச் சொன்னார், சுகம் விசாரித்தார், ஒரு குறையும் வைக்கவில்லை. பூரணி குனிந்து அவர் காலைத் தொட்டாள். யாரென்று அறிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“கணக்குக்கு என்ன வந்தது?”

“கிரடிட், சேர்.”

“பத்து நிமிசம் முந்தி வந்திருந்தா கிரடிட்டுக்கு மேல விசேட சித்தி எடுத்திருப்பாய்,” என்றார். சொன்ன பிறகு அவருக்கே சந்தேகம் வந்ததுபோல நிறுத்தினார். கையைக் கதிரைப் பிடியில் தேய்த்தார். பிறகு மிகவும் தயங்கி, ஒரு சின்னப் பிள்ளையிடம் உதவி கேட்கிற குரலில் கேட்டார்: “பிள்ளை, நீ அண்டைக்கு எத்தினை மணிக்கு வந்தனி?”

அவள் கடிதத்தில் தெரியாது என்று எழுதியவள். எழுத வைத்தவன் பக்கத்தில் இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“ஒன்பது பத்துக்கு, சேர். கரும்பலகைக்கு மேல பார்த்தனான். சரியா ஒன்பது பத்து.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். “மூன்று மாசமா...” என்று தொடங்கி விட்டுவிட்டார். “அப்ப எனக்குக் கண்ணில பிழையில்லை,” என்றார், எங்கள் ஒருவரையும் பார்க்காமல்.

என் பக்கம் திரும்பி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். நான் சொன்ன பொய்யால் ஒரு பிள்ளை தப்பியது. அதற்கு நான் இன்றுவரை வருந்தவில்லை, இன்னொரு முறை வந்தாலும் சொல்வேன். ஆனால் அந்தப் பொய்யை ஒரு மனுசன் மூன்று மாதமாக உண்மையென்று நம்பி, தன் கண்ணையே நம்பாமல் இருந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஒரு நாளும் அந்தத் தெருவுக்கு வரவும் இல்லை.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதிர்ச்சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். கதிரையிலிருந்து பத்தடி இருக்கும்.

“புஸ்பராணி, இஞ்ச ஒருக்கா வாரும்,” என்று கூப்பிட்டார். அவ குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து நின்றா. அவர் நாட்காட்டியைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். திகதி, கிழமை, நட்சத்திரம், அடியில் பொடி எழுத்தில் இருந்த இராகுகாலம், சுபநேரம். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி.

நானும் எட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.